மங்கு, ஏழாம் மாதம், சன்ஸ்கிரீன்: டப்பாவின் பின்பக்கத்தில் எதைப் பார்ப்பது?

செம்பருத்தி, திருச்சி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு இது ஏழாம் மாதம். இரண்டு கன்னத்திலும் மேலுதட்டுக்கு மேலும் மங்கு படர்ந்திருக்கிறது. ஐந்தாம் மாதத்தில் கண்ணாடியில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும், இப்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் "என்னம்மா முகத்தில்" என்று கேட்கிறார்கள். பள்ளியில் ஆசிரியை வேலை. காலையில் கணவரோடு வண்டியில் இருபது நிமிடம், மாலை 3.45க்கு அதே வெயிலில் திரும்பி வர வேண்டும், நடுவில் மைதானத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முறையும் வரும்.

மகப்பேறு மருத்துவர் "இப்போதைக்கு சன்ஸ்கிரீன் மட்டும் போடுங்கள், வேறு எதையும் தடவ வேண்டாம்" என்றார். எந்த சன்ஸ்கிரீன் என்று கேட்டிருக்க வேண்டும், வெளியே கூட்டமாக இருந்தது, எழுந்து வந்துவிட்டேன். கடையில் ஒரு டியூபைத் திருப்பிப் பார்த்தால் முப்பது பெயர்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடினால் ஒரு வீடியோவில் ஹார்மோனைக் கெடுக்கும் என்கிறார்கள், இன்னொன்றில் புற்றுநோய், மூன்றாவதில் எல்லாம் பொய், பயப்படாதே என்கிறார்கள். வயிற்றில் குழந்தையை வைத்துக்கொண்டு யாரை நம்புவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் இருக்கும் பார்லரில் ஒரு சின்ன வெள்ளை டப்பி கொடுத்தார்கள். 350 ரூபாய். மேலே பெயர் எதுவும் இல்லை. மூன்று வாரத்தில் மங்கு போய்விடும் என்றார்கள். ஆறு இரவு போட்டேன். உண்மையிலேயே நிறம் குறைந்தது. குறைந்த வேகத்தைப் பார்த்துத்தான் பயம் வந்து நிறுத்தினேன். வீட்டில் நான்கு வயதுப் பெண் இருக்கிறாள், நான் எதைத் தடவினாலும் அவளும் எடுத்துத் தடவிக்கொள்வாள், அதனால் அவளுக்கும் சேர்த்தே கேட்கிறேன்.

மருந்தாளுநர், ஈரோடு:

சகோதரி, சன்ஸ்கிரீன் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் அந்த டப்பி. நிறுத்தியது மிகவும் நல்லது, இனி ஒரு நாள்கூடத் தொட வேண்டாம். வீட்டில் வேறு யாரும் தொட வேண்டாம்.

நான் மருந்துக்கடையில் 18 வருடமாக நிற்கிறேன். ஒரு வாரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும் பெயரில்லாத க்ரீம் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம்தான் வரும். ஒன்று ஸ்டீராய்டு. கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் மாதிரியான மருந்துகளை, நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுயினோன், மேல்தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின் இவற்றோடு கலந்து விற்பார்கள். தோல் மருத்துவர் மங்குக்கு இப்படி ஒரு கலவையைச் சில வாரங்களுக்கு எழுதிக் கொடுப்பது உண்டு, அது முறையான வைத்தியம்தான், ஆனால் கர்ப்ப காலத்தில் அதை எழுத மாட்டார்கள். அதையே மாதக்கணக்கில் ஃபேர்னஸ் க்ரீமாகத் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வரும், முகத்தில் முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. இன்றும் காலி டியூபைக் கொண்டுவந்து "இதே மாதிரி ஒன்று" என்று கேட்கிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

இரண்டாவது பாதரசம். இதுதான் எனக்கு அதிகப் பயம். பக்கத்தில் கேரளாவில், மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததைப் படித்திருப்பீர்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை அங்கே ஒரு மருத்துவமனையில் ஒரே வகையான சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அதில் 15 பேருக்கு வழக்கமாக அரிதாகப் பார்க்கும் ஒரு உட்பிரிவு இருந்தது, அந்த 15இல் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் தடவியவர்கள். கால் வீக்கம், நுரையாகப் போகும் சிறுநீர், இதெல்லாம் அறிகுறி. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் ஆபரேஷன் சௌந்தர்யா என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. பாதரசம் தாயிடமிருந்து கருவுக்கும் போகும், அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

உங்களைப் பயமுறுத்துவது நோக்கமில்லை. ஆறு இரவோடு நிறுத்திவிட்டீர்கள். ஆனால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அவர் தேவை என்று நினைத்தால் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரசம் பார்க்க முடியும். டப்பியைக் குப்பையில் போடாமல் இறுக மூடி ஒரு பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். தலையணை உறை, முகம் துடைத்த துண்டு எல்லாவற்றையும் இனிப் பயன்படுத்தாமல் தனிக் கவரில் கட்டி வையுங்கள். முகம் சிவந்தாலோ எரிந்தாலோ திரும்ப அதையே தடவித் தணிக்கப் பார்க்காதீர்கள்.

இனி எதை வாங்கினாலும், தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியல் எல்லாம் இருக்கிறதா பாருங்கள். வெளிநாட்டுப் பொருளில் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 2020 அழகுசாதன விதிகள் கேட்பது இதைத்தான். இந்த விவரம் எதுவுமே இல்லாத டப்பியைவிட, வாயில் நுழையாத முப்பது பெயர் எழுதிய டியூப் எவ்வளவோ மேல்.

நீலாம்பரி, கோவை:

அண்ணா சொன்னதற்கு மேல் அந்த டப்பியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் என் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் மங்கு என்று நினைத்து இரண்டு வருடம் வீணாக்கியவள் நான்.

எனக்குக் கன்னமும் நெற்றியோரமும் சாம்பல் கலந்த பழுப்பாக மாறிக்கொண்டே வந்தது. அரிப்பு பெரிதாக இல்லை, சிவக்கவும் இல்லை. அதனால் ஒவ்வாமை என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். மங்கு என்று ஒவ்வொரு க்ரீமாக மாற்றினேன், மாற்ற மாற்றக் கருத்தது. கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரித் தோல் பிரிவில் ஒரு மருத்துவர், "நீங்கள் தடவும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்" என்றார். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் சின்னச் சின்ன வட்டங்களாக ஒட்டி இரண்டு நாள் குளிக்காமல் வைத்திருந்து, பிரித்துப் பார்த்து, மறுபடி நான்காம் நாள் பார்த்தார்கள். இரண்டு இடம் தடித்திருந்தது. வாசனைக் கலவை ஒன்று, பொருள் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பதப்பொருள் ஒன்று. நான் தினமும் முகம் துடைத்த வெட் வைப்ஸில் இரண்டுமே இருந்தன! நம் மாதிரி மாநிறத்திலும் கருப்பிலும் ஒவ்வாமை பல நேரம் சிவப்பாக வராது, நேராகக் கருமையாகவே வந்து உட்கார்ந்துவிடும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அதனால் சாதுவான பொருள் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது வாசனையைத்தான். பட்டியலில் ஃப்ராக்ரன்ஸ் அல்லது பார்ஃபம் என்று ஒரே ஒரு சொல் இருக்கும், அதற்குள் எத்தனை பொருள் என்று வெளியே தெரியாது. லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரால் என்று தனித்தனியாக எழுதியிருந்தாலும் அதுவும் வாசனைதான். ரோஜா எண்ணெய், லாவெண்டர் எண்ணெய், எலுமிச்சை எண்ணெய் எல்லாம் இயற்கை என்பதால் தோல் சும்மா விட்டுவிடாது. அன்சென்டட் என்று எழுதியிருந்தால் ஏமாற வேண்டாம், மூல வாடையை மறைக்க ஏதாவது சேர்த்திருக்கலாம். ஃப்ராக்ரன்ஸ் ஃப்ரீ என்று இருக்க வேண்டும், அப்படி இருந்தாலும் பட்டியலை ஒரு முறை படியுங்கள்.

மெத்தில்ஐசோதயசோலினோனைக் கழுவாமல் தோலிலேயே விடும் பொருட்களில் ஐரோப்பா 2017இல் தடை செய்துவிட்டது. டிஎம்டிஎம் ஹைடான்டாயின், இமிடசோலிடினைல் யூரியா போன்ற பதப்பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஃபார்மால்டிஹைடை வெளியிடும், ஒவ்வாமை உள்ள தோலுக்கு அவையும் வேண்டாம். ஆனால் பாராபென் என்ற பழைய பதப்பொருள் இல்லை என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மட்டும் நான் இப்போது எதையும் வாங்குவதில்லை. பாராபென்னுக்குப் பயந்து எல்லோரும் ஓடியபோது அதன் இடத்தில் வந்த பதப்பொருட்களில் ஒன்றுதான் என் முகத்தைக் கெடுத்தது. ஐரோப்பாவில் 2014இல் ஐந்து வகை பாராபென்களை நிறுத்தினார்கள், மெத்தில், எத்தில் வகைகளுக்கு அளவு வைத்து அனுமதி இருக்கிறது. 2019இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம் பாராபென்களை "ஒவ்வாமை தராதது" என்றே தனியாக அறிவித்தது.

புதிதாக எதை வாங்கினாலும் நேராக முகத்தில் போடாதீர்கள். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் காலை மாலை ஏழு நாள் தடவிப் பாருங்கள். ஒரே நாள் பார்த்தால் போதாது, எனக்கு வந்த வகை மெதுவாகத்தான் தலைகாட்டும்.

உப்புக்காற்று, தூத்துக்குடி:

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன், என் மனைவிக்கும் முதல் பிரசவத்தின்போது மங்கு வந்தது, அதனால் இதை நிறையவே தோண்டியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை அலைக்கழிக்கும் ஹார்மோன் பேச்சு எங்கிருந்து வருகிறது என்றால், வெயில் கதிரை உறிஞ்ச சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஆக்சிபென்சோன் என்ற ஒரு பொருளிலிருந்துதான் பெரும்பாலும். பட்டியலில் பென்சோஃபீனோன்-3 என்றும் இருக்கும். அமெரிக்க மருந்துத் துறை 2019இல் 24 பேருக்கு உடம்பின் முக்கால் பாகத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை, நான்கு நாள் சன்ஸ்கிரீன் தடவி ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்கு மேல் போனால் கூடுதல் பாதுகாப்புச் சோதனை வேண்டும் என்பது அவர்கள் வைத்த கோடு. சோதித்த நான்கு பொருளும் கோட்டைத் தாண்டின, ஆக்சிபென்சோன் மற்றவற்றைவிடப் பல மடங்கு தாண்டியது. தாய்ப்பாலிலும் அதைக் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் கலக்கிறது என்பது வேறு, கெடுதல் செய்கிறது என்பது வேறு, அந்தத் துறையே சன்ஸ்கிரீனை நிறுத்தாதீர்கள் என்றுதான் சொன்னது. ஆனாலும் ஐரோப்பா 2022இல் உடம்புக்குப் பூசுவதில் அதன் அளவை 2.2 சதவீதமாகக் குறைத்தது, முகத்துக்கு 6 சதவீதமாகவே விட்டது.

2019இல் அதே துறை முன்வைத்த வரைவில், பாதுகாப்புக்குப் போதுமான ஆதாரம் இருக்கிறது என்று ஏற்றது இரண்டைத்தான்: ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு. இரண்டும் தோலின் மேலேயே தங்கும், உயிருள்ள அடுக்குக்குள் போவது ஏறக்குறைய இல்லை. கர்ப்பிணிக்கு என்ன என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஒரே நிபந்தனை, ஸ்ப்ரேயாகவோ பவுடராகவோ வேண்டாம், மூச்சில் போகும்.

கதிரை உறிஞ்சும் மற்ற கெமிக்கல் ஃபில்டர்கள் எல்லாம் விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். பெமோட்ரிசினோல் மாதிரி புதியவை மூலக்கூறே பெரிது, தோலைத் தாண்டுவது மிகக் குறைவு. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கின்றன. குழந்தை பிறந்த பிறகு, வெள்ளை பூசியது மாதிரி தெரிவது பிடிக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் போகலாம்.

இப்போது மங்குக்கு வருகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான், அதுவும் நம் நிறத் தோலில்தான் அதிகம். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு, அதாவது லேசாகத் தோல் நிறத்தில் இருக்கும் டின்டட் சன்ஸ்கிரீன். பட்டியலில் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்கள் இருக்கும். ஜிங்க்கின் வெள்ளைப் பூச்சும் அதில் மறைந்துவிடும். ஜிங்க் ஆக்சைடு, அயர்ன் ஆக்சைடு, வாசனை இல்லாதது, எஸ்பிஎஃப் (தோலைச் சிவக்க வைக்கும் கதிரைத் தடுக்கும் அளவு) 30 அல்லது அதற்கு மேல், பிஏ+++ குறி (புற ஊதா ஏ கதிரைத் தடுக்கும் அளவு). கடையில் இதை மட்டும் தேடினால் முப்பது பெயரும் உங்களைப் பயமுறுத்தாது.

எஸ்பிஎஃப் 50, 70 என்று எண்ணுக்குக் காசு கொடுக்க வேண்டாம். சரியான அளவு பூசினால் அந்தக் கதிரில் 30 ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கும், 50 ஏறக்குறைய 98. ஆனால் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி அளந்தது, நாம் பொட்டு வைக்கிற மாதிரி ஐந்து இடத்தில் வைத்துத் தேய்க்கிறோம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும், ஏறக்குறைய ஒரு கிராம். ஒரு வேளை போட்டாலே 50 கிராம் டியூப் ஐம்பது நாளில் தீர வேண்டும். உங்களுக்கு மாலையில் திரும்புவதற்கு முன் இன்னொரு முறை போட வேண்டியிருக்கும், அப்படியானால் மாதம் ஒரு டியூப். செலவுதான், தெரியும். அதனால் விலை உயர்ந்த ஒன்றை வாங்கிச் சிக்கனமாகப் போடுவதைவிட, தாராளமாகப் போட முடிகிற விலையில் வாங்குங்கள்.

செல்வி அம்மா, மதுரை:

கண்ணு, எனக்கு அறுபத்திரண்டு வயது. மூன்று பிள்ளை பெற்றவள், மூன்றுக்கும் மங்கு வந்தது, பிள்ளை பிறந்து சில மாதத்தில் தானாகவே மங்கிப் போனது. நிறையப் பேருக்கு அப்படித்தான், அதனால் இந்த நேரத்தில் அதை விரட்ட அவசரப்படாதே.

வீட்டு வைத்தியம் சொல்ல ஆட்கள் வருவார்கள். பயத்தம் மாவு முகம் கழுவ நல்லது, நான் இன்றைக்கும் மில்லில் அரைத்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் அது வெயிலைத் தடுக்காது, தேங்காய் எண்ணெயும் தடுக்காது. எலுமிச்சம்பழச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகவே போகாதே, என் தங்கை மகளுக்குத் தோல் வெந்து, கருப்பாக மாதக்கணக்கில் நின்றது. கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் விற்பதெல்லாம் கஸ்தூரி மஞ்சள் இல்லை, வேறு மஞ்சள் கிழங்குப் பொடியும் அந்தப் பெயரில் வருகிறது, வாசனையும் சேர்க்கிறார்கள். முகம் இப்படி இருக்கும்போது வேண்டாம்.

காசில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது, குடை. கருப்புக் குடையே பிடி. மைதானத்தில் நிற்கும்போது டீச்சர் குடை பிடித்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் சொல்லட்டும்.

உப்புக்காற்று, தூத்துக்குடி:

அம்மா சொன்ன கருப்புக் குடை சும்மா இல்லை. சோதனை செய்து பார்த்ததில் கருப்புக் குடைகள் நேரடிப் புற ஊதாக் கதிரில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கின்றன. வண்டியில் போகும்போது மெல்லிய வெள்ளைத் துப்பட்டாவுக்குப் பதிலாக அடர்த்தியாக நெய்த, அடர் நிறத் துணி. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழுகிற நேரம்தான் கடுமையான நேரம், மைதான முறையைக் காலை முதல் பாடவேளைக்கு மாற்றிக் கேட்க முடியுமா பாருங்கள்.

செம்பருத்தி, திருச்சி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன், பிறகு கணவரிடம் டப்பியைப் பற்றிச் சொன்னேன், அதுவரை சொல்லவில்லை. மருத்துவரிடம் வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியாகிவிட்டது, டப்பியைக் கவரில் கட்டி பீரோ மேல் வைத்திருக்கிறேன். அந்தப் பார்லரில் வேறு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று நினைத்தால்தான் மனது கேட்கவில்லை.

நான் முன்பு வாங்கி வைத்திருந்த டியூபைப் படித்தேன். மூன்றாவது பெயரே பென்சோஃபீனோன்-3, கடைசியில் பார்ஃபம். ஓரம் வைத்துவிட்டேன். இன்னும் இரண்டே கேள்வி. மகளுக்கு நான் வாங்குவதையே போடலாமா? பிறக்கப்போகும் குழந்தைக்கு எப்போதிலிருந்து?

மருந்தாளுநர், ஈரோடு:

அந்த டப்பியை மருத்துவர் பார்த்த பிறகு, மாவட்டத்தில் இருக்கும் மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்கலாம். வாங்கிய தேதியையும் விலையையும் இப்போதே ஒரு தாளில் குறித்து வையுங்கள், மறந்துபோகும். கணவரிடம் சொன்னது மிக நல்லது.

நீலாம்பரி, கோவை:

நான்கு வயதுக்கு அதே ஜிங்க் சன்ஸ்கிரீன் போடலாம், முழங்கைச் சோதனையை அவளுக்கும் செய்யுங்கள். கண்ணில் பட்டாலும் ஜிங்க் அவ்வளவாக எரியாது, அதனால் அடம்பிடிக்க மாட்டாள். பிறக்கும் குழந்தைக்கு ஆறு மாதம் வரை சன்ஸ்கிரீனே வேண்டாம், நிழலும் தொப்பியும் பருத்தித் துணியும் போதும்.

டின்டட் வாங்கும்போது கடை விளக்கில் நிறம் பார்க்காதீர்கள். தாடையோரத்தில் கொஞ்சம் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கழுத்தின் நிறத்தோடு ஒத்துப்போவதை எடுங்கள். கன்னத்தில் பார்த்தால் மங்கின் நிறத்துக்கு வாங்கிவிடுவீர்கள்.